வாங்கலாமா அக்கா

அந்த அக்கா எதையாவது பார்த்து "நல்லா இருக்குது" என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் முன்னால் நின்றால் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "கரையில சாயம் போகும், தனியாத் தொவை" என்பார். பட்டறையில் யாராவது வீடு கட்டிப் பால் காய்ச்சிய படத்தைக் காட்டினால், "தண்ணித் தொட்டிக்கு ஏற எங்கீங்க வழி உட்டிருக்கீங்க?" என்று கேட்பார். குத்திப் பேசுகிற ஆளில்லை. குரல் தாழ்ந்தே இருக்கும், முகத்தில் கேலி இருக்காது. கேட்டவர்தான் கன்னத்தில் வாங்கியது போல நிற்பார்.

புதுச்சத்திரம் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில், டேங்கர் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். வெளியே வெல்டிங் பொறியும் கிரைண்டர் சத்தமும். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே ஏசி போட்ட சின்ன அறை, அதில் இரண்டு கம்ப்யூட்டர்கள். டேங்கின் வளைவு, உள்தடுப்பு, ஏணி, வால்வு என்று எல்லாவற்றையும் நாங்கள்தான் வரைந்து கொடுப்போம். அவர் எனக்கு முன்னால் சேர்ந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை, ராசிபுரத்தில் அம்மா, ஒரு தம்பி. வீட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

டேங்கர் வரைகிற கம்ப்யூட்டரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டிருப்பார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் அக்கா அதில் ஓர் ஆட்டத்தைத் திறப்பார். நான் சேர்ந்த புதிதில், ஏதோ சினிமா பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கோட்டை எரிந்துகொண்டிருந்தது. காதோரம் கனகாம்பரம் வைத்த இந்த அமைதியான மனுஷி, ஒரு கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே இன்னொரு கையால் பக்கத்து நாட்டுக்குப் போகிற தண்ணீரை அடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"மூணு தடவை எல்லையத் தாண்டி வந்தானுங்க. நாலாவது தடவை வருட்டும்னு உக்காந்திருக்க முடியுமா?"

ஆட்டம் இதுதான். தொடக்கத்தில் நமக்கு ஒரு குக்கிராமம் கிடைக்கும். கிணறு வெட்டி, வயல் போட்டு, சுவர் எழுப்பி, அக்கம்பக்கத்து ராஜாக்களோடு பேசியோ மோதியோ அதைப் பேரரசாக வளர்க்க வேண்டும். நாம் ஒரு அடி எடுத்து வைத்தால் கம்ப்யூட்டர் ஒரு அடி எடுத்து வைக்கும். அவசரம் கிடையாது. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் நானும் என் கம்ப்யூட்டரில் ஒரு நாட்டைத் தொடங்கினேன். தலைநகரத்துக்குப் புதுச்சத்திரம் என்று பேர் வைத்தேன். மலையடிவாரத்துக் கோட்டைக்குச் சேந்தமங்கலம். ஆற்றங்கரைச் சந்தைக்குப் பள்ளிபாளையம். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரே நாட்டைத்தான் ஆண்டேன். முதலாளிக்கும் தெரியும். "சோத்து நேரத்துல என்ன பண்ணுனாலும் செரி, டிராயிங் மட்டும் லேட் ஆகக் கூடாது" என்பார். ஆனதில்லை.

இந்த மாதிரி ஆட்டங்களுக்கு அவ்வப்போது எக்ஸ்பான்ஷன் வரும். ஏற்கனவே வாங்கிய ஆட்டத்தின் மேல் புது நாடு, புது விதி, புதுக் கட்டடம் என்று கூடுதலாகச் சேர்த்துத் தனியாக விற்பார்கள். அது வந்தவுடன் ஆடுகிறவர்களுக்கு ஒரே கேள்விதான். வாங்கலாமா, வேண்டாமா? தமிழில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. சிங்கப்பூரிலிருந்து சிவகாசி வரை ஆட்கள். அதில் அக்காவும் இருந்தார். படம் கிடையாது, பேரும் சொந்தப் பேர் இல்லை. அதனால் எல்லோரும் அவரை ஆண் என்றே நினைத்தார்கள். "ப்ரோ, இது வொர்த்தா ப்ரோ?" என்று கேள்விகள் வந்து விழும். ஒரு நாளும் அவர் திருத்தியதில்லை.

பதில் சொல்லும் விதம்தான் வேறு. கேட்டவனிடம் முதலில் அவர் கேட்பார். "நீங்க ஊர் கட்ட ஆடறீங்களா, சண்டை போட ஆடறீங்களா? ஒரே ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் ஆடுவீங்களா, பாதியில புதுசு தொடங்கிருவீங்களா?" அதற்கு அவன் சொல்கிற பதிலை வைத்து ஒருவனுக்கு வாங்கு என்பார், அதே நாளில் இன்னொருவனுக்கு வேண்டாம் என்பார். விமர்சனம் படிக்கும்போதும் அப்படித்தான். நட்சத்திரம் அள்ளிக் கொடுத்தவர்கள் எழுதியதை ஓட்டிவிட்டு, வருஷக்கணக்கில் ஆடிவிட்டுத் திட்டி எழுதியவர்களை மட்டும் நின்று படிப்பார்.

"ஒரு நாள் ஆடுனவனுக்கு எல்லாமே அழகாத்தான் தெரியும். கூடவே கெடந்து ஆடிட்டு ஒருத்தன் திட்றான் பாரு, அவனைக் கேக்கோணும்."

அது ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொன்னது என்றுதான் அப்போது நினைத்தேன்.

வாடிக்கையாளர்களிடமும் இதே கதைதான். ஒரு லாரி ஓனர் வந்தார். டேங்கின் பின்பக்கத்தை வழக்கத்தைவிட நீட்டி, இரண்டு பக்கமும் ஸ்டீல் அலங்காரம் வைத்துக் கட்ட வேண்டும் என்றார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அக்கா அவரிடம் வண்டி எந்த வழியில் ஓடும் என்று கேட்டார். மலைப்பாதை என்றார்.

"அப்ப வேண்டாங்க. கொண்டை ஊசி வளைவுல வால் இடிக்கும்."

"காசு நான் குடுக்கறனுங்க அம்மணி."

"குடுங்க. ஆனா இடிக்கும்."

முதலாளி அசந்துபோய் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓனர் எழுந்து போய் அடுத்த பட்டறையில் அப்படியே கட்டிக்கொண்டார். அந்த வண்டி இன்றைக்கும் அந்த மலையில் ஒரு கீறலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அக்கா சொன்னதெல்லாம் பலித்தது என்று நான் சொல்ல வரவில்லை. தனக்குப் பட்டதை, கேட்டவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவ்வளவுதான் அவர். முதலாளி அன்று கத்தினார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பிறகு வால்வு வரைய உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருஷம் எங்கள் ஆட்டத்துக்குப் பெரிய எக்ஸ்பான்ஷன் வந்தது. கடல். அதுவரை நிலத்தில் மட்டும் நடந்த ஆட்டத்தில் துறைமுகம், கப்பல், தீவு, புயல் எல்லாம் வரப்போகிறது என்றார்கள். முன்னோட்டத்தில் பாய்மரக் கப்பல் ஒன்று மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடலே இல்லாத ஊர்க்காரிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"வாங்கலாமாக்கா?"

"இரு. ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்."

வெளிவந்த அன்றே அவர் தன் பணத்தில் வாங்கினார். பொங்கல் விடுமுறை முழுக்க ஆடினார். விடுமுறை முடிந்து வந்ததும், டப்பாவைக்கூடத் திறக்காமல் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு வேண்டாம்."

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. "ஏங்க்கா? அல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க."

"கப்பல் கட்டறது, தீவு கண்டுபுடிக்கறது எல்லாம் மொதல்ல அருமையாத்தான் இருக்குது. போகப்போகத்தான் தெரியுது. எதிரிக்குக் கப்பல் உடவே தெரியலை. கரையிலேயே நின்னு பாத்துட்டிருக்கறான். அவ்வளவு பெரிய கடல்ல நீ ஒருத்தி மட்டும் போவே, வருவே. இன்னொண்ணு, இதை ஒருக்கா ஏத்திட்டா பழைய ஆட்டம் தெறக்காது. கழட்டிப் போட்டாலும் தெறக்காது. நான் ஏத்திப் பாத்துட்டேன். என்ற நாடு போச்சு."

தண்ணீரை அடைத்து எதிரியை விரட்டிய அந்த நாடு, எனக்கும் முன்னாலிருந்து அவர் வளர்த்தது. எனக்குப் பதில் சொல்வதற்காக அதை இழந்துவிட்டு வந்து, சாயம் போகும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

ஆனாலும் வாங்கிவிட்டேன். பொய் சொல்வானேன். குழுவில் எல்லோரும் கப்பல் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். வீட்டுக்குப் போய் என் சொந்த லேப்டாப்பில் ஏற்றி, ஏற்றிய வேகத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். கடல் அழகாகத்தான் இருந்தது. ஒரு மாசம் கப்பல் விட்டேன். அப்புறம் அவர் சொன்ன மாதிரியே, வெறிச்சென்ற தண்ணீரில் நான் மட்டும் போய்ப்போய் வந்துகொண்டிருந்தேன். புதுச்சத்திரத்தைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. சேந்தமங்கலமும் பள்ளிபாளையமும் அதோடு போயின. அக்கா பார்த்தார். "நான் சொன்னனல்ல" என்று சொல்லவில்லை. "புதுசா ஒண்ணு தொடங்கு, கூட நானும் தொடங்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். அப்பா ஒரு தரகரிடம் சொல்லிவைத்திருந்தார். மூன்றாவதோ நான்காவதோ வந்த ஜாதகம் ராசிபுரத்துப் பையனுடையது. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், கூட ஒரு அக்கா, டேங்கர் பட்டறையில் டிசைன் வேலை என்றார் தரகர். கேட்டதும் நான் குதிக்காத குறை. அக்கா எனக்கு நாத்தனார்! பத்துப் பொருத்தமும் கிடக்கட்டும், இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் மதியம் போனில் அவன் படத்தைக் காட்டி, "வாங்கலாமாக்கா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தரகர் யாரு?" என்று கேட்டார். பேரைச் சொன்னேன். "இரு, சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மதியத்தில் அவர் ஆட்டத்தைத் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பொறி பறப்பதைப் பார்த்தபடி இருந்தார். தம்பிக்குக் கல்யாணம், தனக்கு ஆகவில்லையே என்று உள்ளூர வெசனமாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, கல்யாணப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவின் அம்மா, தாய்மாமன், சித்தப்பா, தம்பி, கடைசியாக அக்கா. தம்பி நல்ல நிறம், மழமழவென்று சவரம் செய்த முகம். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எங்கள் அம்மாவிடம் "உங்க ஊட்டுக் காப்பி அருமைங்கம்மா" என்றான். நான் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் வந்து நின்றுகொண்டேன். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா, ஆனியிலா என்கிற வரைக்கும் வந்துவிட்டது.

அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். மரியாதைக்குத்தான் கேட்டார். "அம்மணி, நீங்க ஒண்ணுமே பேசலீங்களே. எம்புள்ளையோட ஒண்ணா வேலை பாக்கறவீங்க. உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?"

"இல்லீங்க" என்றார் அக்கா. "வேண்டாமுங்க."

தாய்மாமன் காப்பி டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"என்ற தம்பி கை நீட்டுவானுங்க. குடிச்சுட்டெல்லாம் இல்லீங்க, நல்ல நிதானத்துலயே. எங்கம்மாவ அடிச்சிருக்கறான். என்னையும் அடிச்சிருக்கறான். மொதல்ல கொஞ்ச நாளு நல்லாத்தான் வெச்சுக்குவான். அப்புறம் முடியாது. உங்க புள்ளைய இவனுக்குக் குடுக்காதீங்க."

கதவைப் பிடித்துக்கொண்டேன். சொன்ன வார்த்தைகளைவிட அந்தக் குரல்தான் என்னை உலுக்கியது. டேங்கர் வளைவைப் பற்றிச் சொல்கிற குரல். ஒரு நடுக்கமும் இல்லை.

அக்காவின் அம்மா முதலில் வாய் திறந்தார். "பாவி, பாவி! உனக்குத்தான் ஒண்ணும் அமையலைன்னா அவனுக்கும் அமையக் கூடாதா?" என்று மகள் தோளில் அடித்தார். சித்தப்பா, "இவளுக்குக் கொஞ்ச நாளாவே மனசு செரியில்லீங்க" என்றார். தம்பி மட்டும் கோபப்படவேயில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க. எந்நேரமும் கம்ப்யூட்டர்ல வெளையாட்டு. எது நெசம், எது வெளையாட்டுன்னு அதுக்கே தெரியறதில்லீங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். என் அப்பாவும் லேசாகச் சிரித்தார். அதை என் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் எழுந்து வெளியே போனதும் நான் வாசலுக்கு ஓடினேன். காரில் ஏற விடாமல் அக்காவை இழுத்துப் பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போனேன். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமல்லக்கா? இத்தனை பேரு முன்னால..."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"கடல வாங்காதேன்னு உங்கிட்டத் தனியாத்தான் சொன்னேன் கண்ணு."

அவர் என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார்.

"தனியாச் சொன்னா நீ யோசிப்பே. அவன் ரெண்டு நாள் போன்ல இனிக்கப் பேசுவான். எங்கம்மா வந்து சாமி மேல சத்தியம் பண்ணும். நாஞ் சொன்னது ஒரு ஓரத்துல கெடக்கும். அல்லாரும் இருக்கறப்பச் சொன்னா, நம்பாட்டியும் காதுல உழுந்துரும். கேக்கலைன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்ல முடியாது."

கார் ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்ததுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. தரகர் போன் பண்ணினார். தாய்மாமன் போன் பண்ணினார். அந்தப் பெண்ணுக்கு வயது ஏறிப்போன ஏக்கம், டாக்டரிடம் காட்டப் போகிறோம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "பையன் தங்கமாட்டத்தான் இருக்கறான். அவ்வளவு பேசியும் ஒரு சொல் எதுத்துப் பேசலை பாரு. புதங்கிழமை வாக்கா போய்ப் பேசி முடிச்சுரலாம்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். "நீ சின்னப்புள்ள, உனக்குத் தெரியாது" என்றார் அப்பா. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

திங்கட்கிழமை நான் ஆபீஸ் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் பாதி வரைந்த டேங்க். காலடியில் ஒரு துணிப் பை, அதில் அவர் துணிமணி. என் பக்கம் திரும்பினார். இடது கண் மூடிப்போயிருந்தது. கன்னம் கறுத்து, உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. "உக்காரு, இந்தத் தடுப்புக்கு அளவு செரியான்னு பாரு" என்றார். உதடு வலித்ததால் வார்த்தை குழறியது.

முதலாளி உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாவற்றுக்கும் கத்துகிற மனுஷன் அன்று கத்தவில்லை. "போலீசுக்குப் போலாம் வா அம்மணி" என்றார்.

"போயிட்டுத்தான் வந்தனுங்க. எங்கம்மா பின்னாலயே வந்து, இவ மாடிப்படியில உழுந்துட்டான்னு சொல்லிருச்சு."

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த அப்பாவை, சட்டைகூட மாற்ற விடாமல் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று வழியெல்லாம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே விட்டேன்.

அப்பா அக்காவுக்கு எதிரில் நின்றார். ஈரக் காலோடு, தலைத்துண்டோடு. அக்கா எழுந்து நாற்காலியை அவருக்குத் தள்ளிப் போட்டார். அப்பா உட்காரவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா அம்மணி?" என்றார். வெளியே போய் வெல்டிங் சத்தத்துக்கு நடுவே நின்று தரகருக்குப் போன் போட்டார். அப்பா யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அக்கா கொஞ்ச நாள் நாமக்கல்லில் ஒரு விடுதியில் தங்கியிருந்து வேலைக்கு வந்தார். முகம் ஆறியது. மதியத்தில் மறுபடியும் ஆட்டத்தைத் திறந்தார். குழுவில் யாரோ "ப்ரோ, ரொம்ப நாளா ஆளக் காணோம், புது பேட்ச் வந்திருக்கு, தப்பையெல்லாம் சரி பண்ணியிருக்காங்களாம், கடல் இப்பத் தேவலையா?" என்று கேட்டிருந்தான். "எதிரி இப்ப கரைய உட்டு எறங்கறான். ஆனா இன்னும் நீந்தத் தெரியலை. பொறுங்க" என்று பதில் போட்டார். அவரால் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அந்த வருஷக் கடைசியில் தம்பிக்குச் சேந்தமங்கலம் பக்கம் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அக்காவுக்குச் சொல்லவில்லை. யார் மூலமோ தெரிந்துகொண்டு, ஒருநாள் லீவு போட்டு பஸ் ஏறி அந்தப் பெண் வீட்டுக்கே போய்விட்டார்.

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். கேட் வரைக்கும் தள்ளிட்டு வந்து உட்டாங்க."

கல்யாணம் நடந்தது. அக்கா வேலையை விட்டுக் கோவைக்குப் போய்விட்டார். முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இந்த ஊரில் இருந்தால் யாராவது வந்து நின்றுகொண்டே இருப்பார்கள், உங்களுக்கும் தொந்தரவு என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதாவது எனக்குப் போன் பண்ணுவார். அதுவும் பிறகு குறைந்தது.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது கோவையில்தான். இப்போது அந்த முகவரியில் அவர் இல்லை, அந்த நம்பரும் இல்லை. தேடி வருகிறவர்கள் இருப்பதால் புது இடத்தை யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும்கூட. நான் அவர் பெயரை எங்கும் எழுதாமல் இருப்பதும் அதனால்தான்.

ஒரு கல்யாணத்துக்குக் கோவை போயிருந்தபோது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது வேறொரு பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ஒல்லி. கதவைப் பாதி திறந்து, என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சங்கிலியை எடுத்தாள்.

"வா கண்ணு" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இவ என்ற தம்பி பொண்டாட்டி. எங்கூடத்தான் இருக்கறா."

சங்கடத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் சிரித்தேன். அக்கா பால் வைக்க அடுப்படிக்குப் போனார். அந்தப் பெண் எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானுங்களா அந்த மொதப் பொண்ணு?"

"ஆமாங்க."

"கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல, கை கழுவற எடத்துல இவங்க வந்து நின்னாங்க. ஒண்ணும் பேசலீங்க. என்ற கையப் புடிச்சு, மருதாணிக்கு நடுவால போன் நம்பர எழுதிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். சோப்புப் போட்டுத் தேச்சு அழிச்சேன். ஆனா நம்பரு மனசுல நின்னுருச்சுங்க. அப்புறம் அடி தாங்காம ஒரு நாளு கூப்பிட்டேன். எங்கே, ஏன்னு ஒரு கேள்வி கேக்கலை. நேரா வாடகைக் கார எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னாங்க."

அடுப்படியில் அக்கா ஏலக்காய் நசுக்குகிற சத்தம் கேட்டது.

அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உங்க ஊட்டுக்கு வந்து சொன்னப்ப, உங்கப்பா ஒடனே கேட்டுக்கிட்டாருங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை.

"இல்லீங்க. அவரும் கேக்கலை. மறுநாள் அக்கா மூஞ்சியப் பாத்தாரு. அதுக்கப்புறந்தான்."

அவள் தலையாட்டினாள்.

"எங்கப்பாவும் பாத்தாருங்க. என்ற மூஞ்சிய. பாத்துட்டு, கொஞ்சம் அனுசரிச்சுப் போ சாமின்னாரு."